எடைமேடைக் கூண்டுக்குள் ஆறு மாதம்: டார்க் ரீடர் நீட்சி

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கை ஒட்டிய ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் நான் எடைமேடைக் கிராணியாக இருக்கிறேன். எங்கள் பேச்சு வழக்கில் அந்த இடத்துக்கு டிம்பாங் என்று பெயர். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி நிற்கும். கூண்டுக்குள் இருக்கும் நான் சன்னல் வழியாக அதன் எண்பலகையைப் பார்த்து, கணினியில் அந்த எண்ணைத் தேடியெடுத்து, எடையைப் பதிந்து, சீட்டு அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிடுவது நல்லது; தாமதமானால் பழத்தில் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் விளைச்சல் மிகும் மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும், லோரிகளும் விடிய விடிய வந்துகொண்டிருக்கும். இரவு முறை பார்க்கும் எனக்குக் கடந்த ஆறு மாதமாக உற்ற துணையாக இருப்பது டார்க் ரீடர் என்ற உலாவி நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் ஒரு சிறு மென்பொருள்.

இணையப் பக்கங்களின் வெள்ளைப் பின்னணியைக் கருமையாக்கி, எழுத்தை வெளிர் நிறமாக்கித் தருவது அதன் வேலை. இரவில் கணினி முன் அமர்பவர்களுக்கு இதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் நிறுவியவுடன் இருக்கும் அமைப்பிலேயே விட்டுவிட்டால், தமிழ் படிப்பவர்களுக்கு அதன் பயன் பாதிதான் கிடைக்கும். ஆகவே எதை எப்படி மாற்றி வைத்தேன் என்பதையும், எந்த இடத்தில் அது என்னைக் கைவிட்டது என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் எடைப்பதிவு முறை உலாவிக்குள் திறக்கும் ஒரு பக்கம். தலைப்பு முதல் அடி வரை முழு வெள்ளை. நள்ளிரவில் அந்தப் பக்கத்தை நாலைந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினால், வெளியே இருப்பது லோரியா சுவரா என்பதே ஒரு கணம் விளங்காது. நம் நாட்டு எண்பலகையோ கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. அதன்மேல் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். ஓர் இரவு, 3 என்ற இலக்கத்தை 8 என்று படித்து, ஒரு சிறுதோட்டக்காரரின் குலையை வேறொருவர் கணக்கில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பெரியவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்து வாசலில் நின்றிருந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கணக்கு அன்றே திருத்தப்பட்டது என்றாலும், அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன், மரத்தில் பால் நன்றாக ஓடும் குளிர்ந்த நேரத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். பள்ளி விடுமுறையில் உதவிக்குப் போகும்போது அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், எதிர்நிரையில் வருபவருடைய விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது என்பதுதான். பார்த்தால் அடுத்த மரத்தின் வெட்டுக்கோடு தெரியாது, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும். அதற்குக் காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் அணுக்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வலுவான வெள்ளை ஒளி பட்டால் அந்தப் பழக்கம் நொடிகளில் கலைந்துவிடும். அம்மாவுக்கு எதிர்நிரை விளக்கு என்ன செய்ததோ, அதையேதான் எனக்கு அந்த வெள்ளைப் பக்கம் ஒவ்வொரு லோரிக்கும் செய்துகொண்டிருந்தது.

நீட்சிக்கு வருமுன் எளிய வழிகளைப் பார்த்தேன். திரையின் ஒளியைப் பொத்தானால் குறைத்தால், வெள்ளை சாம்பலாகிறதே தவிர எழுத்தும் கூடவே மங்கிவிடுகிறது. காலையில் வருபவர் மறுபடியும் கூட்ட வேண்டும். விண்டோஸில் உள்ள நைட் லைட் வசதி திரையை மஞ்சள் பூசியது போல ஆக்குகிறது. அது நீல ஒளியைக் குறைக்கும், ஆனால் சன்னல் பக்கம் திரும்பும்போது உண்டாகும் கூச்சத்தை அது அவ்வளவாகக் குறைக்கவில்லை. குரோம் உலாவியின் சோதனை வசதிகளுக்குள் எல்லாப் பக்கத்தையும் கருமையாக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. நீட்சி எதையும் போட விரும்பாதவர்களுக்கு அது ஒரு வழிதான். ஆனால் கணினியில் அதை இயக்கினால் எல்லாத் தளத்துக்கும் ஒரே விதி. இந்தத் தளத்துக்கு வேண்டாம், அந்தத் தளத்துக்குக் கொஞ்சம் குறைவாக என்று சொல்ல இடமில்லை, அணைக்க வேண்டுமென்றால் உலாவியை மூடித் திறக்க வேண்டும். லோரி காத்திருக்கும்போது அது நடக்கிற காரியமல்ல.

2019 வாக்கில் உலாவிகளில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. கணினியோ கைப்பேசியோ இருண்ட தோற்றத்தில் இருக்கிறதா என்று ஓர் இணையத்தளமே கேட்டறிந்து, தன் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த ஆண்டு சேர்ந்தது. தளத்தை வடிவமைத்தவரே கருமைத் தோற்றத்தையும் வரைந்து வைத்திருந்தால், அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் ஓர் ஆலையின் எடைப்பதிவுப் பக்கத்துக்கும், நம் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவற்றுக்கும், அரசாங்கப் படிவங்களுக்கும் யாரும் அப்படி வரைந்து வைப்பதில்லை. அந்த இடைவெளியைத்தான் டார்க் ரீடர் நிரப்புகிறது.

அலெக்சாண்டர் ஷுட்டாவ் என்பவர் தொடங்கிய மென்பொருள் இது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பலரும் அதில் திருத்தம் சேர்க்கிறார்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் பணம் கட்டாமலே நிறுவலாம், ஆதரிக்க விரும்பியவர் பணம் அளிக்கலாம். ஆப்பிளின் சஃபாரிக்கு மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். நிறுவும்போது உலாவி ஓர் எச்சரிக்கை காட்டும்: நீங்கள் திறக்கும் எல்லாத் தளத்திலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் இந்த நீட்சிக்கு அனுமதி தேவை என்பது அதன் சாரம். இதைப் படித்தவுடன் பலர் பின்வாங்குவார்கள். பின்வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. பக்கத்தின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும் என்பது உண்மை. விளம்பரம் சேர்ப்பதில்லை, பயனரின் தரவை எங்கும் அனுப்புவதில்லை என்று இதை உருவாக்கியவர்கள் உறுதி சொல்கிறார்கள், நிரல் திறந்திருப்பதால் அதை யாரும் சோதிக்கவும் முடியும். இருந்தாலும் ஆலைக் கணினி என் சொத்து அல்ல. ஆகவே மேலாளரிடம் இந்த எச்சரிக்கையைக் காட்டி, வாய்மொழியாக அல்லாமல் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிய பிறகே நிறுவினேன். அலுவலகக் கணினியில் போட நினைக்கும் எவரும் இதைச் செய்துகொள்வது நல்லது. இன்னொன்று: இதே பெயரையும் சின்னத்தையும் ஒத்த போலி நீட்சிகள் வந்ததுண்டு. உருவாக்குநர்களின் சொந்தத் தளத்திலிருந்து போகும் இணைப்பு வழியாகச் சென்று நிறுவுங்கள்.

நிறுவியதும் உலாவியின் மேல்மூலையில் ஒரு சின்னம் வந்து நிற்கும். அதை அழுத்தினால் சிறிய பலகை திறக்கும்: நீட்சியை இயக்க, அணைக்க ஒரு பொத்தான், பிரகாசம், ஒளி வேறுபாடு, பழுப்புச் சாயல், சாம்பல் சாயல் ஆகிய நான்குக்கும் நகர்த்திக் கூட்டிக் குறைக்கும் தனித்தனிக் கோல்கள், இந்தத் தளத்துக்கு மட்டும் வேண்டுமா வேண்டாமா என்ற தெரிவு. எவ்வளவு எளிமையாக இருக்கிறதென்றால், என்னுடன் இரவு முறை பார்க்கும் தம்பி ஒருவர் யாரும் சொல்லித் தராமலே அன்றே பழகிவிட்டார். அதற்கு அடியில் இருப்பதுதான் முக்கியம். கருமையாக்கும் முறை நான்கு வகை. ஃபில்டர் முறையும் அதன் மேம்பட்ட வடிவமும் பக்கம் முழுவதையும் நிறம் தலைகீழாக்கி, படங்களை மட்டும் மீண்டும் நேராக்க முயலும். ஸ்டாட்டிக் முறை எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பும் ஒரே வெளிர் எழுத்தும் பூசிவிடும். வேகமானது, ஆனால் பக்கத்தின் அழகு போய்விடும். டைனமிக் முறை பக்கத்தின் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே படித்து, வெளிர் பின்னணியை மட்டும் இருட்டாக்கி, நீலத்தை நீலமாகவும் சிவப்பைச் சிவப்பாகவும் வைத்திருக்கப் பார்க்கும். நிறுவியவுடன் இருப்பது டைனமிக்தான், அதிலேயே இருங்கள் என்பது என் யோசனை. ஃபில்டர் முறையை ஓர் இரவு சோதித்தேன். எங்கள் பக்கத்தில் பின்னணிப் படமாக வைக்கப்பட்டிருந்த ஆலைப் படம், அந்தக் காலப் புகைப்படச் சுருளின் நெகட்டிவ் போலத் தெரிந்தது; மேடையின் நிழற்படக் கருவி எடுத்த லோரிப் படங்கள் மட்டும் சரியாக இருந்தன.

இனி தமிழ் எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பிற மொழிகளில் எழுதப்படும் மதிப்புரைகளில் இது இருக்காது. லோரி வராத நேரத்தில் கூண்டுக்குள் நான் படிப்பது தமிழ்தான்: செய்தி, கட்டுரை, சில வேளை பழைய கதைகள். கருமைத் தோற்றத்தில் தமிழ் படிக்கும்போது முதலில் சிரமம் தருவது புள்ளி. வெள்ளைத் தாளில் மை ஊறுவது போலக் கறுப்புத் திரையில் ஒளி ஊறும். வெளிர் எழுத்தின் ஓரம் சற்றே பரவித் தெரியும். க் என்ற எழுத்தின் மேலுள்ள புள்ளி அப்படிப் பரவி, மேல்வரியின் அடியில் தொங்கும் உகரக் கொக்கியோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்தது சுழி. ன என்ற எழுத்துக்கும் ண என்ற எழுத்துக்கும் இடையே இருப்பது ஒரு சிறு சுழிதான். எழுத்து சிறிதாகவும் பிரகாசமாகவும் இருந்தால், இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கண் தடுமாறுகிறது. மனத்தையும் மணத்தையும் பிரித்தறிய நின்று பார்க்க வேண்டியிருந்தால், வேகமாகப் படிக்க இயலாது.

இதற்கு நான் கண்ட தீர்வு, வேறுபாட்டைக் குறைப்பது. தூய கறுப்பில் தூய வெள்ளை எழுத்து என்றால் ஒளிவேறுபாடு 21-க்கு 1. திரையில் இருக்கக்கூடிய உச்சம் அதுதான். டார்க் ரீடர் தொடக்கத்திலேயே அந்த உச்சத்துக்குப் போவதில்லை. அதன் பின்னணி முழுக் கறுப்பல்ல, அடர்ந்த கரிச்சாம்பல். எழுத்தும் முழு வெள்ளையல்ல, சற்றே பழுப்பேறிய வெளிர் நிறம். இதை அமைத்தவர் கண்ணின் மீது அக்கறை உள்ளவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் அந்த அளவே போதும். தமிழுக்கு இன்னும் இறங்கி வர வேண்டும். நான் பிரகாசத்தை 10 புள்ளியும் வேறுபாட்டை 15 புள்ளியும் குறைத்து, பழுப்புச் சாயலை 10 புள்ளி ஏற்றினேன். பிறகு உலாவியில் எழுத்தின் அளவை 110 விழுக்காடாக்கினேன். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, சுழி திறந்தது.

எழுத்துருவை மாற்றும் வசதியும், எழுத்தின் கோட்டைத் தடிக்கச் செய்யும் வசதியும் இதே நீட்சியில் இருக்கின்றன. தடிப்பு 0 முதல் 1 வரை, பத்தில் ஒரு பங்காக ஏறும். மெல்லிய கோடுடைய தமிழ் எழுத்துருக்களுக்கு இது உதவும் என்று நினைத்து 0.5 வைத்துப் பார்த்தேன். ண, ணை, ஐ ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டு, கறுப்பில் வெள்ளைக் கட்டிகளாக நின்றன. 0.2-க்கு மேல் போக வேண்டாம். நான் பிறகு அதையும் பூச்சியமாக்கிவிட்டேன். எழுத்துருவை மாற்றினால் வேறொரு தொல்லை வரலாம். பல தளங்களில் தேடல் கண்ணாடி, வீடு, கடிதம் போன்ற சிறு சின்னங்களே ஓர் எழுத்துருவாக இருக்கும். எல்லாவற்றுக்கும் தமிழ் எழுத்துருவைத் திணித்தால் அவை வெற்றுக் கட்டங்களாகிவிடும். நான் நிர்மலா எழுத்துருவைத் திணித்த அன்று செய்தித் தளமொன்றில் பட்டியல் பொத்தானே காணாமல் போயிற்று. எழுத்துருவைத் தொடாமல் விடுவதே நல்லது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நமக்குத் தந்த முத்து நெடுமாறனைப் போன்றவர்கள் திரையில் தமிழ் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுழிக்கும் புள்ளிக்கும் இடம் விட்டு எழுத்துரு வரைந்திருக்கிறார்கள். அதன்மேல் நாம் தடித்த கோடு போட்டால் அந்த உழைப்புதான் கெடும்.

இந்த நீட்சி உண்மையிலேயே என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்ட இடம் வேறு. எங்கள் எடைப்பதிவுப் பக்கத்தில் நிறத்துக்குப் பொருள் உண்டு. அனுமதித்த பாரத்தை நெருங்கும் லோரியின் வரி மஞ்சள். தாண்டிய லோரியின் வரி சிவப்பு. டைனமிக் முறை வெளிர் நிறங்களை இருட்டாக்கும்போது மஞ்சளை மஞ்சளாகவே இருட்டாக்க வழியில்லை. மஞ்சள் இருண்டால் அது பாசி படிந்த பழுப்புத்தான். சிவப்பு இருண்டால் காய்ந்த இரத்தத்தின் நிறம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தெரியும், தனியாக வந்தால் தெரியாது. முதல் வாரத்தில் ஒரு சிவப்பு வரியை மஞ்சள் என்று எண்ணி விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் கவனித்து லோரியை நிறுத்தினார். நிறத்தை மட்டுமே நம்பி வடிவமைக்கப்பட்ட பக்கத்தின் குறையும் இதில் உண்டு, பக்கத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. ஆனாலும் நீட்சியைப் போட்டவன் நான், சோதித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

இதற்கும் வழி உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. மேம்பட்ட அமைப்புகளுக்குள் உருவாக்குநர் கருவி என்று ஒரு பகுதி உண்டு. ஒரு தளத்தின் பெயரை எழுதி, அதன் கீழ் இன்ன பகுதிக்கு இன்ன நிறம் என்று நாமே விதி எழுதலாம். உலகம் முழுவதும் பயனர்கள் இப்படி எழுதிச் சேர்த்த திருத்தங்கள் நீட்சிக்குள்ளேயே வருகின்றன. பெரிய தளங்கள் பலவற்றில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதற்கு அதுவே காரணம். எங்கள் ஆலையின் உள்பக்கத்துக்கு யார் எழுதுவார்கள்? படிவம் 5-இல் கணினி அறிவியல் படிக்கும் என் மகளிடம் பக்கத்தின் அமைப்பை விளக்கினேன். "அப்பா, அந்த ரெண்டு வரிக்கும் பேரு என்னன்னு பார்த்துட்டு வாங்க, நான் எழுதித் தரேன்" என்றாள். மறுநாள் பெயர்களைக் குறித்துவந்து கொடுத்தேன். அரைப் பக்கத் தாளில் நாலு வரி எழுதித் தந்தாள். இப்போது மஞ்சள் வரிக்கு இடப்பக்கம் ஒரு தடித்த மஞ்சள் பட்டையும், சிவப்பு வரிக்குச் சுற்றிலும் சிவப்புக் கோடும் வருகின்றன. கருமைக்குள் அவை வெள்ளைப் பக்கத்தில் இருந்ததைவிடத் தெளிவாகவே தெரிகின்றன.

படங்களில் இன்னொரு குறை உண்டு. பின்னணி இல்லாமல் வெட்டியெடுத்த படம், அதாவது கறுப்புக் கையெழுத்து, முத்திரை, சின்னம் போன்றவை, வெள்ளைப் பக்கத்தில் நன்றாகத் தெரியும். பக்கம் கருமையானால் இருட்டில் இருட்டாக மறைந்துவிடும். ஒரு கடையின் பக்கத்தில் பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆர் கட்டம் இப்படியே மறைந்தது. மங்கலாகத் தெரிந்த கட்டத்தைக் கைப்பேசியும் படிக்க மறுத்தது. அப்போது ஆல்ட், ஷிஃப்ட், ஏ மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் அந்தத் தளம் மட்டும் பழைய வெள்ளைக்குத் திரும்பும். ஏ-க்குப் பதில் டி என்றால் நீட்சி முழுவதுமாக அணையும். இந்த இரண்டு விசைக் கூட்டையும் விரல் நுனியில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வங்கித் தளத்தை நான் நிரந்தரமாகவே விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டேன். பணம் அனுப்பும் பக்கத்தில் எந்தப் பொத்தானின் நிறமும் மாறித் தெரிய வேண்டாம் என்பது என் எண்ணம். உலாவி நிறுவனங்களின் நீட்சிக் கடைப் பக்கங்களில் எந்த நீட்சியும் வேலை செய்யாதபடி உலாவியே தடுத்திருப்பதால், அவை வெள்ளையாகவே இருக்கும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். எடைச்சீட்டு அச்சிடும்போது கருமை தாளுக்கு வரவில்லை. வழக்கம்போல வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துத்தான்.

வேகம் குறித்தும் சொல்ல வேண்டும். கூண்டில் இருப்பது பழைய கணினி. டைனமிக் முறை ஒவ்வொரு நிறத்தையும் ஆராய்வதால், நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட மாதக் கணக்குப் பக்கம் திறக்கும்போது ஓரிரு நொடி கூடுதலாக எடுக்கிறது. அதைவிட எரிச்சலூட்டுவது, சில வேளை பக்கம் கருமையாகுமுன் ஒரு கணம் வெள்ளை பளிச்சிட்டு மறைவது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த ஒரு மின்னல் போதும். மாதக் கணக்குப் பக்கத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக் முறை என்று தளவாரியாக மாற்றி வைத்த பிறகு காத்திருப்பும் குறைந்தது, மின்னலும் வெகுவாகக் குறைந்தது.

கைப்பேசியில் குரோம் நீட்சிகளை ஏற்காது. ஆண்டிராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும். அங்கே டார்க் ரீடர் கணினியில் போலவே இயங்குகிறது, கோல்களை விரலால் நகர்த்துவதுதான் சற்றுச் சிரமம். கருமைத் தோற்றம் மின்கலத்தை மிச்சப்படுத்தும் என்று பலர் சொல்வதைக் கொஞ்சம் அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், இருண்ட புள்ளி குறைவாக மின்சாரம் தின்னும். எங்கள் கூண்டில் இருப்பது போன்ற எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேயிருப்பதால் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓலெட்டிலும்கூட, பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2021-இல் அளந்தபோது, திரையின் ஒளி 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் சராசரியாக 3 முதல் 9 விழுக்காடுதான் மிச்சமானது; ஒளியை 100 விழுக்காடு வைத்தால் 39 முதல் 47 விழுக்காடு வரை மிச்சமானது. இருட்டில் யாரும் கைப்பேசியை முழு ஒளியில் வைப்பதில்லை. மின்கலத்துக்காக மட்டும் இதை நிறுவ நினைப்பவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பகலில் இது யாருக்கும் நல்லதல்ல என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன். சிலருடைய கண் வெள்ளை ஒளியையே தாங்காது. ஆனால் வெளிச்சமான அறையில், வெளிர் பின்னணியில் கரிய எழுத்தே கூர்மையாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. பிரகாசமான பக்கத்தைப் பார்க்கும்போது கண்பாவை சுருங்குகிறது, அதனால் உருவம் கூர்மையாக விழுகிறது. இருண்ட பக்கத்தில் அது விரிகிறது. என் மனைவி இதை நேரடியாக அனுபவித்தார். வீட்டுக் கணினியில் நான் ஆர்வத்தோடு நிறுவிக் காட்டியபோது, "எழுத்துக்கெல்லாம் வால் முளைத்த மாதிரி இருக்கிறது" என்றார். தெலுக் இந்தானில் கண்ணாடிக் கடையில் சோதித்தபோது அவருக்கு அஸ்டிக்மேட்டிசம் என்று சொன்னார்கள். விழியின் முன்பரப்பு ஒரே சீராக வளைந்திராத குறை அது. கண்பாவை விரியும்போது அதன் மங்கல் கூடும், கறுப்பில் உள்ள வெள்ளை எழுத்து ஒளிவட்டம் போட்டுத் தெரியும். கண்ணாடி போட்ட பிறகு வால் குறைந்துவிட்டது என்றாலும், அவர் வெள்ளைப் பக்கத்திலேயே படிக்கிறார். உங்களுக்கும் அப்படித் தெரிந்தால் நீட்சியின் கோல்களோடு போராடாமல் முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

என் கூண்டில் இதன் பயன் என்னவென்று கேட்டால், எண்பலகைதான். திரையிலிருந்து தலையைத் திருப்பியதும் லோரியின் முகம் தெரிகிறது; கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருப்பதில்லை. முன்பெல்லாம் ஐயமாக இருந்தால் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பார்ப்பேன், மழை இரவென்றால் ஓட்டுநரிடம் கத்திக் கேட்பேன். இந்த ஆறு மாதத்தில் அப்படி இறங்கிப் போனது மிகச் சில தடவைகள்தான். இலக்கத்தை மாற்றிப் பதிந்தது ஒரு தடவைகூட இல்லை.

நேர அமைப்பை மட்டும் நான் தாமதமாகத்தான் செய்தேன். என் முறை முடிந்ததும் காலையில் ஓர் அக்கா வந்து உட்காருவார். எதிரே கிழக்குப் பார்த்த சன்னல். வெயில் ஏறும்போது கரிய திரை கண்ணாடியாகி அவர் முகத்தையே அவருக்குக் காட்டியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் அட்டையால் மறைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். தெரிந்தபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. இருண்ட தோற்றம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று நீட்சியிலேயே குறிக்கலாம். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து சூரியன் மறையும்போது தொடங்கவும் சொல்லலாம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பொழுது ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடிந்து ஒரே நேரத்தில் சாய்வதால் மணிக்கணக்கே போதும். மாலை 7.30 முதல் காலை 7 வரை என்று வைத்தேன். இப்போது கடைசி லோரியின் சீட்டை நான் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் தானாக வெளுக்கிறது. சற்றைக்கெல்லாம் அக்காவின் மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்கிறது.